மொன்டானாவின் வரைபடத்தைக் கையால் வரைந்து கற்கும் முறை

சென்ற கோடையில் காட்பாடியில் எங்கள் தெருக்காரர் ஒருவர், தம் மகளுக்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள போஸ்மன் நகரப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொல்லி, கையில் அட்லஸுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "பில்லிங்ஸுல நம்ம சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான் சார். பக்கத்து ஊர்தானே, சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்ல?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவன் என்ற முறையில், அவருக்கு வாயால் பதில் சொல்வதைவிட ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்வதே சரி என்று எனக்குப் பட்டது. அன்று அவர் வரைந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

ஏ4 தாள் ஒன்றை அகலவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில், அடிக்கோல், நீலமும் பழுப்பும் ஆகிய இரண்டு வண்ணப் பென்சில்கள், கொஞ்சம் தையல் நூல் ஆகியவை போதும். அளவுத்திட்டம் 1 செ.மீ.க்கு 40 கி.மீ. என்று தாளின் மூலையில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் அநேகமாக எழுதுவதே இல்லை.

முதலில் எல்லைகள். மேலே 22 செ.மீ. நீளத்தில் ஒரு நேர்கோடு போடுங்கள். அது கனடாவுடனான எல்லை, 49 பாகை வட அட்சக்கோடு. அதன் வலது முனையிலிருந்து கீழே 11 செ.மீ. இறக்கினால் டகோட்டா மாநிலங்களுடனான கிழக்கு எல்லை கிடைக்கும். அங்கிருந்து 45 பாகை வட அட்சக்கோட்டின் வழியே இடப்பக்கமாக 14 செ.மீ. சென்றால் வயோமிங் எல்லையின் பெரும்பகுதி முடிந்துவிடும். மேல்கோட்டின் இடது முனையிலிருந்து கீழே 3 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஒரு நேர்கோடு இறக்குங்கள். எஞ்சியிருப்பது, அந்தக் கோட்டின் அடியிலிருந்து தென்கிழக்காக நெளிந்து வரும் ஐடஹோ எல்லை. அதை அடிக்கோல் இல்லாமல்தான் வரைய வேண்டும், ஏனெனில் அங்கே எல்லையாக நிற்பது மலைமுகடு. மற்ற மூன்று பக்கங்களையும் மனிதர்கள் அட்ச தீர்க்கக் கோடுகளைக் கொண்டு வகுத்தார்கள் என்பதும், இந்தப் பக்கத்தை மட்டும் மலை வகுத்துக் கொடுத்தது என்பதும் கை வலிக்க வரைந்தவருக்கு மறப்பதில்லை.

இந்தக் கட்டத்துக்குள் அடங்கும் பரப்பு ஏறத்தாழ 3,80,000 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தவர்கள் 10,84,225 பேர். 2019இல் மூன்றாகப் பிரிக்கப்படுவதற்கு முன்பிருந்த நம் வேலூர் மாவட்டத்தில், சுமார் 6,000 சதுர கி.மீ.க்குள், 2011 கணக்கெடுப்பின்படி 39 லட்சம் பேர் இருந்தோம். ஒரு சதுர கி.மீ.க்கு இங்கே அறுநூறு பேருக்கு மேல், அங்கே மூன்று பேர்கூட இல்லை. இந்த இரண்டு எண்களையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தது, என் கருத்தில் இந்த வரைபடத்தின் உயிரான கோடு. மேல் எல்லையில் இடது மூலையிலிருந்து 4 செ.மீ. தள்ளிப் பழுப்புப் பென்சிலை வைத்துத் தென்கிழக்காக இழுத்து வாருங்கள். பியூட் நகருக்கு அருகே மேற்கே திருப்பி, ஐடஹோ எல்லையைத் தொட்டதும் அந்த எல்லையோடேயே தென்கிழக்கே கொண்டுபோய் முடியுங்கள். இதுதான் கண்டத்தின் நீர்ப்பிரிமேடு. இதன் மேற்கே விழும் நீர் பசிபிக் பெருங்கடலுக்கும், கிழக்கே விழும் நீரில் பெரும்பகுதி மிசௌரி, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் செல்கின்றன. வடக்கே, 1910இல் அமைக்கப்பட்ட கிளேசியர் தேசியப் பூங்காவில், டிரிபிள் டிவைட் என்ற சிகரம் இருக்கிறது. அதன் மூன்றாவது சரிவில் விழும் நீர் வடக்கே ஹட்சன் விரிகுடாவைச் சென்றடைகிறது. ஒரே மலைத்தலையில் பெய்யும் மழை மூன்று கடல்திசைகளுக்குப் பிரிவதை அங்கே ஒரு புள்ளியாகக் குறிக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மாநிலத்தின் பெயர் மலைப்பாங்கானது என்னும் பொருளுள்ள ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததால், தாள் முழுவதும் மலையாகத் தீட்டிவிடும் தவறு பலருக்கும் நேர்கிறது. மேற்கிலுள்ள ஐந்தில் இரண்டு பங்கை மட்டும் அடர்த்தியாகத் தீட்டுங்கள், எஞ்சியது புல்வெளி. ஆனால் அந்தப் புல்வெளியிலும், நம் சமவெளியிலிருந்து ஜவ்வாதும் ஏலகிரியும் தனித்தெழுந்து நிற்பதைப்போல, ஜூடித், லிட்டில் ராக்கீஸ் போன்ற குன்றுத்தொடர்கள் தனித்தனியாக நிற்கின்றன. அவற்றைச் சிறு திட்டுகளாகக் காட்டலாம். சமவெளி என்ற சொல்லும் நம்மை ஏமாற்றக் கூடாது: வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது, பில்லிங்ஸோ 950 மீட்டரில், ஏறக்குறைய ஏலகிரியின் உயரத்தில் இருக்கிறது. போஸ்மன் 1,450 மீட்டருக்கும் மேல். மாநிலத்தின் மிக உயர்ந்த கிரானைட் சிகரம் 3,904 மீட்டர்.

இனி நீலப் பென்சில். கிழக்கு எல்லையிலிருந்து 14.5 செ.மீ., 45 பாகைக் கோட்டிலிருந்து 2.5 செ.மீ. மேலே ஒரு புள்ளி வையுங்கள். ஜெஃபர்சன், மேடிசன், கேலட்டின் என்ற மூன்று ஆறுகள் கூடி மிசௌரியாகும் திரீ ஃபோர்க்ஸ் அது. இங்கிருந்து ஆற்றை நேரே கிழக்கே இழுத்துவிடாதீர்கள். அது முதலில் வடக்கே, ஹெலினாவின் பக்கமாகச் சென்று, கிரேட் ஃபால்ஸ் நகரைத் தாண்டிய பின்புதான் கிழக்கே திரும்புகிறது. யெல்லோஸ்டோன் ஆறு வயோமிங்கிலிருந்து நுழைந்து, லிவிங்ஸ்டனில் திரும்பி, பில்லிங்ஸ் வழியாக வடகிழக்கே ஓடி, எல்லை தாண்டியதும் மிசௌரியில் கலக்கிறது. இந்த ஆறுகளின் நீரில் பெரும்பங்கு உருகும் பனியாகும். ஆகவே அக்னி நட்சத்திரத்தில் நம் பாலாற்று மணல் கால்வைக்க முடியாமல் சுடும் மே மாதத்திலும் அடுத்த ஜூனிலும் அங்கே வெள்ளம் கரை தொடுகிறது. 2022 ஜூனில் யெல்லோஸ்டோன் பெருக்கெடுத்துச் சாலைகளையே அரித்துச் சென்றது.

பசிபிக் காற்று தன் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுவதால், கிழக்குப் புல்வெளியின் பல பகுதிகளில் ஆண்டு முழுவதற்கும் 300 முதல் 350 மி.மீ. வரைதான் மழை. முகட்டைத் தாண்டி இறங்கும் அந்த வறண்ட காற்று அழுத்தத்தால் சூடேறிச் சினூக் என்ற பெயரில் வீசுகிறது. 1972 ஜனவரியில் லோமா என்ற ஊரில் ஒரே நாளுக்குள் வெப்பநிலை மைனஸ் 48 பாகை செல்சியஸிலிருந்து 9 பாகைக்கு ஏறியது. வடக்கே தடுப்பதற்கு மலை எதுவும் குறுக்கே இல்லாததால் துருவக் குளிரும் தடையின்றி இறங்கும்: 1916 ஜனவரியில் பிரௌனிங்கில் 7 பாகையிலிருந்து மைனஸ் 49க்கு ஒரே நாளில் விழுந்தது. அங்கு செல்லும் பிள்ளைக்குக் குளிராடை வாங்கும்போது அன்றைய வெயிலைப் பார்த்துக் கணக்கிடாமல், இந்த எண்களை வைத்தே கணக்கிட வேண்டும்.

கடைசியாக ஊர்கள். அதே 45 பாகைக் கோட்டிலிருந்து 2 செ.மீ. உயரத்தில், கிழக்கு எல்லையிலிருந்து 13.6 செ.மீ.யில் போஸ்மனையும் 8.6 செ.மீ.யில் பில்லிங்ஸையும் வையுங்கள். தெருக்காரர் நூலை இரண்டு புள்ளிகளுக்கும் இடையே பிடித்து அடிக்கோலில் அளந்தார்: 5 செ.மீ., அதாவது 200 கி.மீ. அதே அளவுத்திட்டத்தில் வேலூரிலிருந்து சென்னை எவ்வளவு என்று கேட்டேன். கணக்கிட்டு, 3 செ.மீ. என்றார். சாலை வழியே போஸ்மனிலிருந்து பில்லிங்ஸ் 230 கி.மீ. வரும் என்றும், இடையில் நம் ராணிப்பேட்டை, வாலாஜா, காவேரிப்பாக்கம் என்று வரிசையாக வருவதைப்போல் ஊர்கள் வாரா, சில சிற்றூர்களே வரும் என்றும் சொன்னேன். அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டே, பனிக்காலத்தில் அந்தச் சாலையில் மகள் தனியாகப் போகக் கூடாது என்று தாளின் ஓரத்தில் தம் கையால் எழுதிக்கொண்டார்.