நீராவி எஞ்சினோடு எடுத்த குடும்பப் படங்கள்: ஆண்டு குறிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடந்த பழைய படங்களை எடுத்து வகைப்படுத்தும் ஆர்வம் அண்மைக் காலத்தில் இளைஞர்களிடம் பெருகியிருக்கிறது. அவற்றுள் ரயில் எஞ்சின் முன்பு எடுத்த படம் ஒன்றிரண்டு எப்படியும் இருந்துவிடும். திருச்சி, விழுப்புரம், மதுரைப் பக்கங்களில் பழைய தென்னிந்திய ரயில்வேயிலோ பொன்மலைப் பணிமனையிலோ வேலை பார்த்த உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. அப்படங்களுக்கு ஆண்டு குறிக்க முனையும் புதியவர்கள், இத்துறையில் நாங்கள் இறங்கிய காலத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்வதைத் தொடர்ந்து பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன். படத்தை வெயிலில் வைக்காதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள் என்பன போன்ற எவரும் அறிந்த எச்சரிக்கைகளை விட்டுவிடுகிறேன்.

கறுப்பு வெள்ளை என்றாலே வெள்ளைக்காரர் காலம் என்று முடிவு கட்டுவது

நீராவி எஞ்சின், கறுப்பு வெள்ளைப் படம், தலைப்பாகை கட்டிய பெரியவர் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்துவிட்டால் ‘சுதந்திரத்துக்கு முன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். அகலப் பாதைச் சரக்கு எஞ்சினான டபிள்யூ.ஜி. வகை 1970 வரையிலும், மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) சரக்கு எஞ்சினான ஒய்.ஜி. வகை 1972 வரையிலும் இந்தியாவிலேயே புதிதாகக் கட்டப்பட்டு வந்தன. தமிழகத்து மீட்டர் கேஜ் பாதைகளில் 1980-களிலும் நீராவி வண்டி அன்றாடக் காட்சியாகவே இருந்தது. வண்ணப் படச் சுருளும் அதைக் கழுவும் செலவும் கட்டுப்படியாகாத வீடுகளில் கறுப்பு வெள்ளைப் படமும் ஏறக்குறைய அதே காலம் வரை நீடித்தது. கூம்பிய மூக்கும் அதன்மேல் நட்சத்திரமும் கொண்ட டபிள்யூ.பி. எஞ்சின் ஒன்று படத்தில் நின்றால், அந்த வகை இந்தியாவுக்கு வந்ததே 1947-இல்தான் என்பதால், வெள்ளைக்காரர் காலம் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை.

பாதையின் அகலத்தைப் பார்க்காமல் வகையின் பெயரைத் தேடுவது

எஞ்சினின் வகையைக் கண்டுபிடிக்கப் பல நாள் தேடுபவர்கள், அது எந்த அகலப் பாதையில் ஓடியது என்ற முதற்கேள்வியைக் கேட்பதில்லை. முன்புறக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். இரு ஓரங்களிலும் மோதலைத் தாங்கும் இரண்டு வட்டமான பஃபர்கள் இருந்தால் அகலப் பாதை. நடுவில் ஒன்றே ஒன்று இருந்தால் மீட்டர் கேஜ். முன்புறம் தெரியாவிட்டால் தண்டவாளத்தைப் பாருங்கள். அகலப் பாதையின் இடைவெளி 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. அதே தொலைவில் நிற்கும் ஆளின் உயரம் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும். மீட்டர் கேஜில் அந்த இடைவெளி ஆளின் இடுப்பளவோடு நின்றுவிடும். எழும்பூர், விழுப்புரம், தஞ்சாவூர், மதுரை ஆகியவை அக்காலத்தில் மீட்டர் கேஜ் நிலையங்கள். சென்ட்ரல், ஜோலார்பேட்டை, ஈரோடு ஆகியவை அகலப் பாதை நிலையங்கள். இந்த ஒரு பிரிப்பே பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

இங்கே ஏமாற்றும் இடங்கள் இரண்டு உண்டு. இந்திய ரயில்வேகளுக்குப் பொதுவாக வகுத்த பழைய எஞ்சின் வரிசையில் எக்ஸ் என்னும் எழுத்து அகலப் பாதையைக் குறிக்கும் என்றாலும், நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின் மீட்டர் கேஜில் பற்சக்கரத்தோடு ஏறுவது. இலங்கையின் முதன்மைப் பாதைகளும் நம் அகலப் பாதையின் அளவே கொண்டவை. ஆதலால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்த உறவினர் எடுத்த படத்துக்குச் சென்னைப் பக்கத்து அகலப் பாதை எஞ்சின்களின் பட்டியலில் விடை தேடினால் ஆயுள் முழுவதும் கிடைக்காது.

எஞ்சின் கட்டப்பட்ட ஆண்டைப் படம் எடுத்த ஆண்டாக எழுதிவிடுவது

எனக்கு இன்றளவும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். மற்றவற்றைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இதன் விளைவு மட்டும் திருத்த முடியாத இடத்தில் போய் நிற்கிறது. எஞ்சினின் பக்கவாட்டில் தயாரிப்பாளரின் பெயர்த்தகடு இருக்கும். நல்ல படமாக இருந்து, அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினால், நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் ஆண்டும் தெரியவரும். நான்கு இலக்கத்தில் ஓர் ஆண்டு கண்ணில் பட்டுவிட்ட மகிழ்ச்சியில், தேட வேண்டியது எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

கோவைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். குன்னூர் நிலையத்தில் எடுத்த படம். கணவன், மனைவி, பாவாடை சட்டையில் ஒரு சிறுமி, பின்னால் மலை ரயில் எஞ்சின். அவ்வீட்டு இளைஞர் ஒருவர் தகட்டைப் பெரிதாக்கி, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1925-இல் கட்டப்பட்ட எஞ்சின் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது சரி. ஆனால் உடனே படத்தை ஆல்பத்திலிருந்து பெயர்த்தெடுத்து, அதன் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ‘குன்னூர், 1925’ என்று அழுத்தி எழுதினார். 1925 என்றால் நிற்பவர் கொள்ளுத்தாத்தாவாகத்தான் இருக்க முடியும் என்று முடிவாயிற்று. தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு அச்சிட்ட குடும்ப மலரில் முதல் பக்கத்தில் அப்படம் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயர்களோடு வெளிவந்தது. விழா முடிந்த பிறகுதான் படம் என்னிடம் வந்தது.

எஞ்சினின் பக்கத் தொட்டியில், தயாரிப்பாளர் தகட்டுக்குச் சற்றுத் தள்ளி, 37 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் ஒன்று தெளிவாகவே இருந்தது. முன்பு ஒவ்வொரு ரயில்வேயும் தன் எஞ்சின்களுக்குத் தனித்தனி எண் கொடுத்துவந்தது. நாடு முழுவதற்குமான ஒரே எண்வரிசை 1950-களின் பிற்பகுதியில்தான் வந்தது. மலை ரயில் எஞ்சின்களுக்கு 37 ஆயிரத்து வரிசையில் எண் விழுந்தது அப்போதுதான். படத் தாளின் பின்புறத்தில், பேனா எழுத்துக்கு அடியில், உதகையில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ முத்திரை மங்கலாகத் தெரிந்தது. அந்நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது 1967-இல். தாள் மட்டும் கிடைத்திருந்தால், பழைய நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்ட பிரதி என்று வாதிட இடமுண்டு. எண்ணோ காட்சிக்குள்ளேயே இருப்பதால் அந்த வாதம் நிற்காது. படத்தில் நின்றவர் சதாபிஷேகம் கண்ட தாத்தாவேதான். அந்தச் சிறுமி, விழாவில் முன்வரிசையில் அமர்ந்து மலரை வாங்கிக்கொண்ட அத்தை. அச்சுக்குப் போகும் முன் அவரிடம் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பால்பாயிண்ட் முனை அழுத்திய தடம் படத்தின் முன்பக்கத்தில் புடைத்துக்கொண்டு, சிறுமியின் நெற்றியில் கோடாக இன்றும் இருக்கிறது.

எஞ்சினின் ஆண்டு தருவது கீழ் எல்லையை மட்டுமே: அதற்கு முன் இப்படம் எடுத்திருக்க முடியாது என்பதற்கு மேல் ஒரு சொல்கூட அது சொல்லாது. நீலகிரியின் எக்ஸ் வகை எஞ்சின்களில் முதல் தொகுதி 1914-க்கும் 1925-க்கும் இடையிலும் அடுத்தது 1952-இலும் வந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவை அதே மலையில் ஓடின. அந்த வடிவத்தை ஒட்டியே 2011-இல் பொன்மலையில் புதிய எஞ்சின் கட்டினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், உருவத்தைப் பார்த்து ஆண்டு சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். 1949 முதல் 1970 வரை கட்டப்பட்ட ஒய்.பி. பயணி எஞ்சின்கள் மொத்தம் 871. முதலாவதும் கடைசியும் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். எண்ணிலும் கவனம் வேண்டும். ஒய்.பி., ஒய்.ஜி. வகைகள் கடைசிவரை நான்கு இலக்க எண்களோடுதான் ஓடின என்பதால், நான்கு இலக்கம் தெரிகிறதே, பொது எண்வரிசைக்கு முந்தைய படம் என்று நினைத்துவிடக் கூடாது. பணிமனையில் கொதிகலனும், பின்னால் நிலக்கரியும் நீரும் ஏற்றிச்செல்லும் டெண்டரும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறுவதுண்டு; டெண்டரில் உள்ள எண்ணை மட்டும் நம்பி எஞ்சினை அடையாளம் சொல்வதும் சரிவராது.

மேல் எல்லையை எஞ்சினுக்கு வெளியே தேட வேண்டும். பெட்டியில் மூன்றாம் வகுப்பைக் குறிக்கும் எண் இருந்தால், அவ்வகுப்பு 1974-இல் ஒழிக்கப்பட்டதால், படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. தனுஷ்கோடி நிலையத்தில் வண்டி நின்றால் 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தையது என்பதில் ஐயமே இல்லை. டெண்டரில் தென்னிந்திய ரயில்வேயைக் குறிக்கும் எஸ்.ஐ.ஆர். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், தெற்கு ரயில்வே உருவான 1951 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி வண்ணம் பூசும் முறை வரும்வரை பழைய எழுத்தோடு ஓடியவையும் உண்டு என்பதால் இதில் ஓரிரு ஆண்டு விட்டுக்கொடுக்க வேண்டும். கடற்கரை – தாம்பரம் பாதையில் தலைக்குமேல் மின்கம்பி தெரிந்தால் அது 1931-க்குப் பின். இவ்வாறு கீழ் எல்லை ஒன்றும் மேல் எல்லை ஒன்றும் கிடைத்த பிறகு, ‘1958-க்கும் 1974-க்கும் இடையில்’ என்று எழுதுவதே முறை. அதையும் தனிச் சீட்டில், பென்சிலால், ஊகம் என்ற குறிப்போடும் எழுதியவர் பெயரோடும் எழுதிச் செருகி வையுங்கள். பின்பக்கத்தில் மையால் எழுதினால், முப்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அதைத் தாத்தாவின் கையெழுத்து என்றே எடுத்துக்கொள்வார்.

எஞ்சினின் வகையை அறியச் சக்கரங்களை எண்ணும்போது டெண்டரின் சக்கரங்களையும் சேர்த்துக்கொள்வது

சேர்க்காதீர்கள்.

வாழைமரம் கட்டியிருந்தால் முதல் ரயில் என்று நம்புவது

எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, இருபுறமும் வாழைமரம் என்று கண்டவுடன் ‘எங்கள் ஊருக்கு முதல் ரயில் வந்த நாள்’ என்ற பெருமை குடும்பத்தில் பரவிவிடுகிறது. லோகோ ஷெட்டில் ஆண்டுதோறும் நடக்கும் ஆயுத பூசையில் எஞ்சின்கள் அப்படித்தான் நிற்கும். அதனால் ஆண்டு தெரியாவிட்டாலும் மாதம் தெரிந்துவிடும். பூசை புரட்டாசி அல்லது ஐப்பசியில், அதாவது செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் கடைசிக்கும் இடையில் வரும். எஞ்சினை விட்டுவிட்டு டிரைவரின் கழுத்தில் மட்டும் மாலை கிடந்தால் அது பெரும்பாலும் ஓய்வு பெற்ற நாள். அப்படியானால் எஞ்சினை ஆராய்வதற்கு முன் வீட்டில் அவருடைய ஓய்வூதிய ஆணையைத் தேடுங்கள். அதில் தேதியே இருக்கும்.

ஓரத்தை வெட்டுவது

பெயர்ப்பலகையின் பாதி எழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இடவலம் மாறிய பிரதியை அப்படியே படிப்பது

நெகட்டிவின் பின்புறம் முன்னால் வரும்படி திருப்பி வைத்துப் பிரதி போட்ட படங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். எஞ்சினில் எழுத்து தெரியாத படமாக இருந்தால், பெண்களின் சேலை முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது, ஆண்களின் சட்டைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் வலப்பக்கம் இருந்தால் படத்தைத் திருப்பிய பிறகே நிலையத்தின் அமைப்பைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

குழந்தையின் வயதைப் பள்ளிச் சான்றிதழை வைத்துக் கணக்கிடுவது

மடியில் இருக்கும் குழந்தை, ஆண்டு குறிப்பதற்கு எஞ்சினைவிட நல்ல சான்று. ஆனால் பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியரே வயதைக் கூட்டிப் போட்டுக்கொண்ட தலைமுறைக்குச் சான்றிதழ்த் தேதி பொருந்தாது. மே மாதக் கடைசியிலோ ஜூன் முதலிலோ பிறந்ததாக ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜாதக நோட்டு கிடைத்தால் அதையே கொள்ளுங்கள்.

பின்பக்கத்தில் உள்ள தமிழ் ஆண்டைக் கிறுக்கல் என்று ஒதுக்குவது

பெரியவர்கள் ‘விகாரி௵ மாசி௴ 12௳’ என்று எழுதியிருப்பார்கள். வருஷம், மாதம், தேதி ஆகியவற்றுக்கான அந்தக் குறிகளைக் கையொப்பம் என்றும் மைத்துளி என்றும் எண்ணிப் பலர் கடந்துவிடுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர்களும் கணக்கில் ஓராண்டு தவறுகிறார்கள். விகாரி 1959 ஏப்ரல் நடுவில் பிறந்ததால் அதை 1959 என்றே எழுதிவிடுகிறார்கள். மார்கழியின் நடுவிலேயே ஆங்கில ஆண்டு மாறிவிடுவதால், அவ்வாண்டின் தை, மாசி, பங்குனி மூன்றும் 1960-இல் விழும். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் 1899–1900-இலும் ஒரு விகாரி உண்டு. இரண்டில் எது என்ற கேள்விக்கு விடை சொல்லத்தான் எஞ்சின் உண்மையில் உதவும். பின்னால் நிற்பது ஒய்.பி. என்றால், அவ்வகையே 1949-க்குப் பிந்தையது என்பதால் பழைய விகாரி கழிந்துவிடும். மாசி 12 என்பது 1960 பிப்ரவரியின் கடைசி வாரம். பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிழமையையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.