தில்லியைக் கால வரிசைப்படி காண ஒரு மெட்ரோ வழி

தில்லியின் வரலாற்றை ஒரே நாளில் வரிசையாகக் காண விரும்புவோர், மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தைப் பயன்படுத்தலாம். காலையில் குதுப் மினார் நிலையத்தில் இறங்கி, சுல்தான்கள் கட்டிய, சுமார் 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தைப் பாருங்கள். நிலையத்திலிருந்து அது சற்றுத் தொலைவு என்பதால் ஆட்டோவில் செல்வது நல்லது. பிறகு சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கி, ஷாஜகான் 1639இல் எழுப்பத் தொடங்கிய ஷாஜகானாபாத் நகரின் (இன்றைய பழைய தில்லி) நெரிசலான சந்துகள் வழியே செங்கோட்டைக்கு நடக்கலாம் (திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை). திரும்பும்போது சென்ட்ரல் செக்ரட்டேரியட் நிலையத்தில் இறங்கினால், தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக 1911இல் அறிவித்த ஆங்கிலேயர், 1931இல் திறந்துவைத்த புதுதில்லியின் அகன்ற சாலைகள் மாலை வெயிலில் கண்முன் விரியும்.