அவுட்போர்டு மோட்டாரில் காரணம் தெரியாமல் ஒலிக்கும் எச்சரிக்கை மணி: படிப்படியாகக் கண்டறியும் முறை

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருக்கும், பின்புறச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும், சூட்டைக் காட்டும் மீட்டர் முள்ளும் வழக்கமான இடத்திலேயே நிற்கும். ஆனாலும் எச்சரிக்கை மணியான பஸ்ஸர் விடாமல் அலறும். புதிதாகப் படகு ஓட்டத் தொடங்கியவர்களை இதைப் போலக் கலங்கடிப்பது வேறொன்றும் இல்லை. சாவி போட்டு இயக்கும், பஸ்ஸர் பொருத்தப்பட்ட, 40 முதல் 60 குதிரைத்திறன் வரையிலான நான்கு வீச்சு மோட்டார்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் சிறிய இரு வீச்சு மோட்டார்களில் ஆயில் அழுத்தம் பற்றிய எச்சரிக்கையே கிடையாது என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பஸ்ஸர் ஒன்றுதான், அதை ஒலிக்க வைக்கும் இடங்கள் பல என்பது. பல மோட்டார்களில் சூட்டை உணரும் சுவிட்ச், மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகும்போது தன் ஒயரை மோட்டாரின் உலோக உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைத்துவிடும், பஸ்ஸர் ஒலிக்கும். ஆயில் அழுத்த சுவிட்சோ அழுத்தம் இல்லாதபோது இணைந்தும், அழுத்தம் ஏறியவுடன் பிரிந்தும் இயங்கும். ஆகவே தோல் உரிந்த ஒயர் ஒன்று உலோகத்தைத் தொட்டாலும், மோட்டார் உண்மையாகவே கொதித்தாலும் பஸ்ஸருக்கு இரண்டும் ஒன்றே. மேலும், மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சென்சாரும் பஸ்ஸரை இயக்கும் சுவிட்சும் பெரும்பாலும் தனித்தனிப் பொருள்கள் என்பதால், மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்பதை மட்டும் நம்பி மணியை அலட்சியம் செய்வது ஆபத்தாகும்.

படி 1: கடலில் மணி ஒலித்தவுடன்

வேகத்தை உடனே குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். பின்புறம் திரும்பித் தண்ணீர் பீய்ச்சுகிறதா, எந்த விளக்கு எரிகிறது என்று ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரவில்லை என்றாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ மோட்டாரை நிறுத்திவிட்டு நங்கூரத்தைப் போடுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நொடியும் உள்ளே உலோகத்தை உலோகம் தேய்க்கும் நொடியாகும். மணி ஒலிக்கும்போது பல மோட்டார்கள் தாமாகவே சுற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். அதைப் பெட்ரோல் கோளாறு என்று எண்ணி மேலும் திருகாதீர்கள்.

நிறுத்தியபின் மோட்டாரைத் தூக்கி, அடிப்பகுதியில் உள்ள தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். பாக் நீரிணையில் வாடைக் காற்றுக் காலத்தில் வேரோடு பெயர்ந்து மிதக்கும் கடற்புல்லும், எல்லாக் கரையோரங்களிலும் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளும் இந்தச் சல்லடையில்தான் வந்து ஒட்டிக்கொள்கின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 2022ஆம் ஆண்டு கடற்பசுக்களுக்காகக் காப்பகம் அறிவிக்கப்பட்டதற்கு அடிப்படையே அங்குள்ள புல்வெளிகள்தான். அப்படிப்பட்ட இடங்களில் ஆழம் குறைந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு போவது புல்லுக்கும் நல்லது, மோட்டாருக்கும் நல்லது.

படி 2: இது உண்மையில் கோளாறுதானா?

சாவியைத் திருப்பியவுடன் ஒரு முறை சிறிது நேரம் ஒலித்து அடங்குவது, பஸ்ஸர் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதாகும். அந்த ஒலி வராமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். அதேபோல் சுசுகியின் பல நான்கு வீச்சு மோட்டார்களில் ஆயில் மாற்ற வேண்டிய ஓட்ட நேரம் வந்துவிட்டதை நினைவூட்டும் வசதி உண்டு. முதல் முறை 20 மணி நேரத்திலேயே அது வந்துவிடும். ஆயிலை மாற்றியவர் அந்த நினைவூட்டலை நீக்க மறந்துவிட்டால், எந்தக் குறையும் இல்லாத மோட்டாரும் மணியடித்துக்கொண்டிருக்கும். நீக்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள்.

படி 3: எப்போது ஒலிக்கிறது என்று எழுதிவையுங்கள்

பலர் தாண்டிவிடும் இந்தப் படிதான் பாதி வேலையை முடித்துவிடுகிறது. மெதுவாக ஓடும்போது மட்டும் ஒலித்து, வேகம் எடுத்தால் அடங்கினால் தண்ணீர் பம்பின் தேய்ந்த ரப்பர் சக்கரமான இம்பெல்லரையோ, சூடான பிறகு குறையும் ஆயில் அழுத்தத்தையோ சந்தேகிக்கலாம். வேகத்தில் மட்டும் ஒலித்தால் சல்லடை பாதி அடைபட்டிருக்கலாம். அல்லது மோட்டார் அளவுக்கு மீறி உயரமாகப் பொருத்தப்பட்டோ, வெளிப்புறமாக மிகவும் சாய்க்கப்பட்டோ இருப்பதால் தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அலையில் குதிக்கும்போது மட்டும் ஒலித்தால் குறைந்துபோன ஆயில், பெட்ரோல் பில்டரில் ஆடும் தண்ணீர், தளர்ந்த ஒயர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

படி 4: குளிர்விக்கும் தண்ணீர்

கரையில் சோதிக்கும்போது மோட்டாரைத் தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கியே ஓட்டுங்கள், கியர் போடாதீர்கள். தண்ணீரின்றி ஓட்டினால் ரப்பர் இம்பெல்லர் மிகக் குறுகிய நேரத்திலேயே கருகிவிடும். பீய்ச்சும் தண்ணீர் மெலிந்திருந்தால் அந்தத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். உப்பும் மணலும் அடைத்து, துளை மட்டும் பழுதாகியிருக்கும் வாய்ப்பு அதிகம். மாறாக, தண்ணீர் பலமாகப் பீய்ச்சுவதால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது, ஏனெனில் அது பம்ப் வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சியே தவிர, சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகள் திறந்திருப்பதற்குச் சாட்சி அல்ல.

அடுத்தது, சூடு ஏறும்போது திறந்து குளிர்விக்கும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு மெல்லச் சூடாக்குங்கள். கார்களில் 80 டிகிரிக்கு மேல் திறக்கும் இந்தப் பொருள், கடல்நீரின் உப்பு உள்ளே படியக் கூடாது என்பதற்காக அவுட்போர்டுகளில் பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரிக்குள்ளேயே திறக்கத் தொடங்கும். திறக்காவிட்டால் மாற்றுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால், மணி ஒலிக்கும் நேரத்தில் சூட்டு சுவிட்சுக்கு அருகே உலோகத்தின் சூட்டை அளந்து பாருங்கள்: 60, 70 டிகிரி மட்டுமே காட்டினால் மோட்டார் கொதிக்கவில்லை, குற்றம் மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது. என் கருவிப்பெட்டியில் விலைக்கு மேல் உழைத்த கருவி இதுதான்.

படி 5: ஆயில்

மோட்டாரை நேராக நிறுத்தி, அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுக் கம்பியைப் பாருங்கள். குறைந்திருப்பது மட்டுமல்ல, கூடியிருப்பதும் கெட்ட அறிகுறியே. நீண்ட நேரம் மெதுவாகவே ஓட்டப்படும் மோட்டார்களில் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்கிறது. கம்பியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது, அதற்கு மேல் ஓட்டாதீர்கள். அளவும் தரமும் சரியாக இருந்தும் ஆயில் எச்சரிக்கை வந்தால், சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி அளந்த பின்னரே சுவிட்சைக் குறை சொல்ல வேண்டும்.

படி 6: பெட்ரோலும் பேட்டரியும்

சில மோட்டார்களின் பில்டர் கிண்ணத்தில் மிதவை இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் அது மேலெழும்பி மணியை ஒலிக்கச் செய்யும். இந்தியாவில் 2023இல் அறிமுகமான, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கக்கூடியது. மாதக்கணக்கில் டாங்கியில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடும்.

பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டும், மோட்டார் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை மோட்டாரின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது என்று பொருள்.

படி 7: ஒயரைப் பிரித்துப் பார்த்தல்

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால், டிரம்மில் மெதுவாக ஓடும்போது சூட்டு சுவிட்சின் இணைப்பை மட்டும் சில நொடிகள் கழற்றுங்கள். மணி நின்றால், சூடு இல்லை என்பதை நீங்கள் ஏற்கெனவே அளந்துவிட்டதால், சுவிட்ச்தான் பழுது. நிற்காவிட்டால், சுவிட்சுக்கும் பஸ்ஸருக்கும் இடையில் ஒயர் எங்கோ உலோகத்தைத் தொடுகிறது, அல்லது வேறொரு சுவிட்ச் மணியடிக்கிறது. கணினி வழியே இயங்கும் புதிய மோட்டார்களில் சென்சாரைக் கழற்றுவதே ஒரு பிழையாகப் பதிவாகும் என்பதால், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது; பிழைக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

என் படகில் இம்பெல்லரையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிச் செலவு செய்த பிறகும் மணி நிற்கவில்லை. பட்டறை ஒன்றில் பஸ்ஸர் ஒயரையே பிடுங்கிவிடலாம் என்றார்கள். நல்லவேளையாக நான் சம்மதிக்கவில்லை. மேல்மூடியின் கொக்கிக்கு அருகே உரசி உரசித் தோல் உரிந்த ஒயரைக் கண்டுபிடிக்க, மோட்டார் ஓடும்போது ஒயர்க் கற்றையை ஒரு மரக்குச்சியால் மெல்ல அசைத்துப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

அப்படி உரிந்த இடத்தை இன்சுலேஷன் டேப்பால் மட்டும் சுற்றாதீர்கள். கடற்காற்றில் அது சில வாரங்களில் கழன்றுவிடும். பழுதான பகுதியை வெட்டி, வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரைச் சேர்த்து, சூட்டில் சுருங்கும் பசைக்குழாயால் மூடி, கூர்மையான விளிம்புகளிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். பிறகு கரை தெரியும் தூரத்திற்குள், துணைக்கு இன்னொரு படகோடு, முன்பு எந்த வேகத்தில் மணி ஒலித்ததோ அதே வேகத்தில் அரைமணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.