நாளுக்கு நாள் குறைந்த ஃபெனிடோயின் அளவு

மூன்று நாள் வீணான பிறகு பிடிபட்டது. அப்பாடா என்றிருக்கிறது.

வலிப்பு மருந்தான ஃபெனிடோயினை எச்பிஎல்சி-யில் (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கிறோம். ரத்தத்தில் வழக்கமாக எதிர்பார்க்கும் அளவு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். மாத்திரையைத் தவறாமல் எடுக்கும் ஒருவருக்கு 9 வந்தது. மறுநாள் அதே சாம்பிளை ஓட்டினால் 7. அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிள்களோ கச்சிதமாக இருந்தன.

கருவிக்குள் பொருள்களைப் பிரிக்கும் சி18 குழலை மாற்றினேன். அதன் வழியே ஓடும் கரைப்பானான மொபைல் ஃபேஸைப் புதிதாகக் கலந்தேன். அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிப் புரதத்தைப் படியவைக்கும்போது மருந்து நழுவுகிறதோ என்று, மருந்தில்லாத சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) தெரிந்த அளவைச் சேர்த்துப் பார்த்தேன். சேர்த்தது அப்படியே திரும்ப வந்தது. ஒப்பிடுவதற்காக எல்லா சாம்பிளிலும் ஒரே அளவு சேர்க்கும் இன்டர்னல் ஸ்டாண்டர்டின் பீக்கும் (கருவி வரையும் முகடு) அசையவில்லை.

அப்புறம்தான் ரத்தம் எடுத்த குழாய்களைக் கவனித்தேன். குறைந்தவை எல்லாமே மஞ்சள் மூடி போட்ட ஜெல் குழாய்கள், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து வைக்க உள்ளே ஜெல் உள்ளவை. அதிலும் பாதி மட்டும் நிரம்பியவை படுமோசம். சீரம் ஜெல்லின் மேல் நிற்க நிற்க, ஜெல் மருந்தை உறிஞ்சிக்கொள்கிறது. சீரம் குறைவாக இருந்தால் இழப்பின் விகிதம் கூடும். கன்ட்ரோல் ஜெல்லைத் தொடுவதே இல்லை. இன்டர்னல் ஸ்டாண்டர்டையும் சீரத்தை வெளியே எடுத்த பிறகுதான் சேர்க்கிறோம், அதனால் அதுவும் காட்டிக்கொடுக்காது.

ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தை ஜெல் குழாயிலும் சாதாரணக் குழாயிலும் ஓர் இரவு வைத்துப் பார்த்தேன்: ஜெல்லில் 9, சாதாரணத்தில் 12. எல்லா ஜெல்லும் இந்த அளவு உறிஞ்சாது. உங்கள் குழாயைச் சோதித்துவிடுங்கள். ஃபெனிடோயினில் டோஸைச் சற்றுக் கூட்டினாலே ரத்த அளவு எகிறிவிடும் என்பதால், பொய்யான குறைவை நம்பி டோஸைக் கூட்டுவது ஆபத்தானது.

இப்போது ஜெல் இல்லாத குழாய் மட்டும்தான். ரத்தம் உறைந்ததும் சுழற்றி, சீரத்தை உடனே வேறு குழாய்க்கு மாற்றிவிடுகிறோம்.