சிறிய பல் கிளினிக்கில் எக்ஸ்ரே கருவி: இடம், பதிவு, பொறுப்பு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்து என் கிளினிக்கைத் தொடங்கியபோது, நாற்காலி, கம்ப்ரசர், ஆட்டோகிளேவ் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சிய மூலையில் எக்ஸ்ரே கருவியை மாட்டினேன். அந்த வரிசை தவறு என்று புரிய எட்டு மாதங்களும் ஒரு கொத்தனார் கூலியும் ஆயின. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தச் செலவைத் தவிர்க்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். படம் எடுக்கும் முறை கல்லூரியில் படித்ததுதான் என்பதால் அதற்குள் போகவில்லை.

முதல் படி: பொறுப்பு யாருடையது

அணுசக்திச் சட்டம் 1962-இன் கீழ் 2004-இல் வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் நிறுவனத்தை நடத்துபவர், உரிமம் பெற்றவர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், கதிர்வீச்சுப் பணியாளர் என்று தனித்தனியே கடமைகளைச் சொல்கின்றன. ஒரே நாற்காலி வைத்திருக்கும் நம்மிடம் இந்த நான்கு பேரும் பெரும்பாலும் ஒருவரே. ஆகவே 'கருவி விற்றவர் பார்த்துக்கொள்வார்' என்று இருந்துவிட இயலாது. அதே விதிகளின்படி 18 வயது நிரம்பாதவரைக் கதிர்வீச்சுப் பணியில் அமர்த்தக் கூடாது. நம் ஊர்களில் பிளஸ் டூ முடித்த கையோடு உதவியாளராக வரும் பெண்ணுக்கு 17 வயதுதான் இருக்கும். பிறந்த தேதியைப் பார்த்த பிறகே எக்ஸ்ரே சுவிட்சைக் கையில் கொடுங்கள். பெண் பணியாளர் கருவுற்றதை உங்களிடம் தயங்காமல் சொல்லும் சூழலையும் முதல் நாளே ஏற்படுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: கருவி

மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது நாம் ஏ.இ.ஆர்.பி. என்று சொல்வது, ஒப்புதல் அளித்த மாதிரியா என்பதைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். என் விருப்பம் சுவரில் மாட்டும் 70 கே.வி. கருவியும், ஃபிலிமுக்குப் பதிலாக வாய்க்குள் வைக்கும் ஆர்.வி.ஜி. டிஜிட்டல் சென்சாரும்தான். ஃபிலிமில் வாங்கும் செலவு குறைவு என்றாலும், டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில் படம் கழுவும் டெவலப்பர் பாழாகி, அதனால் மறுபடம் எடுத்து, நோயாளிக்குத் தேவையில்லாத இரண்டாவது கதிரைக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊராக இருந்தால் கருவிக்குத் தனி ஸ்டெபிலைசர் அவசியம்.

மூன்றாம் படி: இடம்

நான் சறுக்கியது இங்கேதான். என் அறையின் வலப்புறம் பழைய ஒன்றரைக்கல் சுவர். இடப்புறம் ரேழியைப் பிரிப்பதற்கு நான் போட்ட பிளைவுட் தடுப்பு. நோயாளியின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் படம் எடுக்கும்போது கோனின் (கதிர் வெளிவரும் குழாயின்) முகம் நேராக அந்தப் பிளைவுட்டைப் பார்க்கும். அதற்கு அந்தப் பக்கம்தான் காத்திருப்போர் பெஞ்சு. பல்வலி ஒருவருக்கு என்றாலும் துணைக்கு மூன்று பேர் பேருந்து ஏறி வரும் ஊர் இது என்பதால், அந்த பெஞ்சு காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு படத்துக்கு நோயாளி பெறுவது சில மைக்ரோசீவர்ட்தான் (கதிர் அளவின் அலகு இது; ஆயிரம் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட்). இயற்கையிலிருந்து ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எல்லோருக்கும் வருகிறது. ஆனால் அது போக, பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட் என்று இருக்கும்போது, படமே எடுத்துக்கொள்ளாத ஒருவர் நம் கதிரின் நேர்ப்பாதையில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. பிளைவுட்டை எடுத்துவிட்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி, பெஞ்சையும் திண்ணைக்கு மாற்றினேன்.

அடுத்தது சுவிட்ச். சுருள் வயர் இழுத்தால் இரண்டு மீட்டர் வரும் என்று பொருத்த வந்தவர் இழுத்தும் காட்டினார். நான் பின்னர் டேப் வைத்து அளந்தபோது, இழுக்காத நிலையில் அது தொண்ணூறு சென்டிமீட்டர்தான் இருந்தது. காலையில் தள்ளி நிற்கும் உதவியாளர், பத்தாவது நோயாளி வரும்போது வயர் இழுக்கும் பக்கமே வந்துவிடுகிறார். தூரம் பாதியானால் கதிர் நான்கு மடங்கு. இரண்டு மீட்டரில் நிற்க வேண்டியவர் அரை மீட்டரில் நின்றால் பதினாறு மடங்கு. தயாரிப்பாளரிடமே நீள வயர் வாங்கி, சுவிட்சை நிலைப்படிக்கு வெளியே, நோயாளியைப் பார்க்க முடிகிற இடத்தில் பொருத்துவதே சரியான தீர்வு. அது வரும்வரை, இரண்டு மீட்டருக்குக் குறையாமல், கதிர் செல்லும் திசையிலிருந்து 90 முதல் 135 பாகைக்குள் நிற்கும் இடத்தைத் தரையில் சிவப்பு டேப்பால் குறித்துவிடுங்கள்.

நான்காம் படி: பதிவு

வாரியத்தின் இ-லோரா என்ற இணையதளத்தில் முதலில் நிறுவனத்தையும், பிறகு கருவியையும் பதிய வேண்டும். படிவம் கடினமானதன்று. கதிர்க்குழாய் இருக்கும் தலைப்பகுதியான டியூப் ஹெட்டின் தகட்டிலுள்ள வரிசை எண், பில்லிலுள்ள எண், தரச் சோதனை அறிக்கையிலுள்ள எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். எனக்குப் பில்லில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' விழுந்து மூன்று வாரம் போயிற்று. தரச் சோதனையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, வாரியம் அங்கீகரித்த அமைப்பைக் கொண்டு செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: அன்றாடப் பழக்கம்

சென்சாரை வாய்க்குள் நீங்களோ உதவியாளரோ விரலால் பிடிக்கவே கூடாது. அமெரிக்காவில் எட்மண்ட் கெல்ஸ் என்ற முன்னோடிப் பல் மருத்துவர் கதிரில் திரும்பத் திரும்பக் கையைக் காட்டியே விரல்களையும் பின்னர் கையையும் இழந்தார். சென்சாரைத் தாங்கும் ஹோல்டர் வாங்குங்கள். குழந்தை ஆடினால், உடன் வந்த பெரியவர்களில் கருவுறாத ஒருவர் ஈயக் கவசம் அணிந்து பிடிக்கட்டும். வேர் சிகிச்சையில் மூன்று நான்கு படங்கள் ஆவது இயல்பே. வேரின் நீளத்தை மின்முறையில் அளக்கும் ஏபெக்ஸ் லொக்கேட்டர் வைத்திருந்தால் அவற்றில் ஒன்றையாவது குறைக்கலாம்.

கவசத்தை வேட்டியைப் போல மடித்து அலமாரியில் வைக்காதீர்கள். மடிப்பில் ஈயம் வெடித்திருப்பது வெளியே தெரியாது, கம்பியில் தொங்கவிடுங்கள்.

பிற்சேர்க்கை: நோயாளிக்குக் கவசமே வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் சொல்லிவிட்டதே என்று திருவாரூரிலிருந்து ஒரு மருத்துவர் கேட்டிருந்தார். கதிரைப் பல்லளவுக்குக் குறுக்கும் கோலிமேட்டர், டிஜிட்டல் சென்சார் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டே அந்தப் பரிந்துரை சொல்லப்பட்டது. என்னிடம் இருப்பது கதிரை அதைவிட அகலமாக விடும் வட்டக் கோன். செவ்வகக் கோலிமேட்டர் வாங்கும்வரை நான் கவசத்தை நிறுத்தப் போவதில்லை.

கேமரா போன்ற கைக்கருவியை முகாம்களுக்குக் கொண்டுபோகலாமா என்று இன்னும் இருவர் கேட்டிருந்தார்கள். வாரியத்தின் ஒப்புதல் எண் இல்லாமல் இணையத்தில் மலிவாக வருவதை வாங்க வேண்டாம். ஒப்புதல் பெற்ற மாதிரியானாலும், சிதறும் கதிர் இயக்குபவர் மேல் படாமல் மறைக்கும், கோனின் முனையிலுள்ள சிதறல் தடுப்பு வட்டைக் கழற்றி வைத்துவிட்டு இயக்காதீர்கள். பையில் அடங்கவில்லை என்றால் பெரிய பையாக வாங்குங்கள்.