கமாக்களுக்கு நடுவில் ஒரு வாழ்க்கை: டச்சு கவர்னர் பீட் கஸ்டேலைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீட் கஸ்டேல் 1901-இல் நெதர்லாந்தில் பிறந்தார், 2003-இல் இறந்தார். எந்தக் குறிப்பை எடுத்தாலும் ‘பத்திரிகையாளர், குராசோ கவர்னர், தூதர்’ என்று மூன்று வேலைகளைக் கமா போட்டு அடுக்கியிருப்பார்கள். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த மனிதருக்கு இரண்டு கமா! நடுவில் விட்டதை நாமாக ஊகித்து நிரப்பும்போதுதான் பிழைகள் உள்ளே வருகின்றன.

டச்சு கவர்னர் என்றதும் நமக்கு நாகப்பட்டினம், பழவேற்காடு, யாழ்ப்பாணக் கோட்டை எல்லாம் நினைவுக்கு வரும். (சிலர் தரங்கம்பாடியையும் சேர்த்துக்கொள்வார்கள். அது டேனிஷ்காரர்களுடையது.) அந்தப் படத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் 1658-இல் பிடித்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அங்கே அதிகாரம் செய்தவர்கள் ஒரு வணிகக் கம்பெனியின் ஊழியர்கள். கரீபியன் கடலில் உள்ள குராசோவை 1634-இல் பிடித்தது வேறொரு கம்பெனி, மேற்கிந்தியக் கம்பெனி. இரண்டுமே பதினெட்டாம் நூற்றாண்டோடு முடிந்துபோயின. கஸ்டேல் 1942-இல் டச்சு அரசின் சார்பில் நியமிக்கப்பட்டவர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் நீர்மூழ்கிக் கப்பலும் வந்துவிட்ட காலம் அது.

‘குராசோ கவர்னர்’ என்பதை ஒரு தீவின் கவர்னர் என்று எழுதுவதும் தவறு. அன்று குராசோ என்ற பெயரில் ஆறு தீவுகள் ஒரே ஆட்சிப்பகுதியாக இருந்தன. வெனிசுவேலா கரைக்கு எதிரே அருபா, குராசோ, பொனேர். அங்கிருந்து வெகுதூரம் வடகிழக்கே சின்ட் மார்ட்டன், சாபா, சின்ட் யூஸ்டேஷியஸ். 1948-இல்தான் இதற்கு நெதர்லாந்து ஆண்டிலீஸ் என்று பெயர் மாறியது. ஆக, கஸ்டேலின் பதவிக்காலத்துக்கு (1942–1948) ‘ஆண்டிலீஸ் கவர்னர்’ என்று போட்டால் பிற்காலப் பெயரை முன்தேதியிட்டு ஒட்டுவதாகிவிடும்.

சரி, முக்கியமான தவறுக்கு வருவோம். ‘பத்திரிகையாளராக இருந்தவர் திடீரென்று கவர்னரானார்’ என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே ‘திடீரென்று’ எதுவும் நடக்கவில்லை.

அன்றைய நெதர்லாந்தில் கத்தோலிக்கர், கால்வினியர் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர்), சோஷலிஸ்டுகள் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பத்திரிகை, தனிக் கட்சி, தனிப் பள்ளி. கஸ்டேல் கத்தோலிக்கப் பத்திரிகையாளர். ஆனால் 1938-இல் அவர் விரிவாக நூல் எழுதியது ஆபிரகாம் கைப்பரைப் பற்றி. கைப்பர் கால்வினியர்களின் பெருந்தலைவர். 1872-இல் சொந்தமாக நாளிதழ் தொடங்கியவர், ‘எதிர்ப்புரட்சிக் கட்சி’யைக் கட்டியவர், 1901 முதல் 1905 வரை பிரதமர். அதாவது கஸ்டேல் பிறந்தபோது நாட்டை ஆண்டவரே ஒரு பத்திரிகை ஆசிரியர்தான். பேனாவும் பதவியும் அங்கே அவ்வளவு தூரத்தில் இல்லை.

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. அரசி வில்ஹெல்மினாவும் அமைச்சரவையும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரதமரானவர் பீட்டர் ஹெர்பிராண்டி, கைப்பர் கட்டிய அதே கட்சிக்காரர். ஜெர்மானியரிடமிருந்து தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கஸ்டேல், இந்த ஹெர்பிராண்டிக்குத்தான் செயலாளரானார். வேறொரு பிரிவின் தலைவரைப் பக்கம் பக்கமாகப் படித்து எழுதியவர் அந்தத் தலைவரின் கட்சியிலிருந்து வந்த பிரதமருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது எனக்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. பத்திரிகைக்கும் கவர்னர் மாளிகைக்கும் நடுவே இருந்தது இந்த லண்டன் அலுவலகம். பல குறிப்புகளில் விட்டுப்போவதும் இதுதான்.

அடுத்து, அந்த நியமனத்தை ஏதோ தூரத்துத் தீவில் ஓய்வுப் பதவி என்று நினைப்பது. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய்நாடு ஜெர்மனியிடம். 1942 மார்ச்சில் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் (இன்றைய இந்தோனேசியா) ஜப்பானிடம் போய்விட்டன. டச்சுக் கொடி எதிரியிடம் சிக்காமல் பறந்தது பெரும்பாலும் தென் அமெரிக்காவின் சூரினாமிலும் குராசோ ஆட்சிப்பகுதியிலும்தான். அதிலும் குராசோவில் ஷெல் ஆலை, அருபாவில் அமெரிக்கர்களின் லாகோ ஆலை. வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிப் பகுதியிலிருந்து கச்சா எண்ணெய் சிறு கப்பல்களில் வரும்; இங்கே சுத்திகரித்து நேச நாடுகளுக்குப் போகும்.

அந்த எண்ணெய் எவ்வளவு பெரிய இலக்கு என்பது 1942 பிப்ரவரி 16 அன்று விடிவதற்கு முன்பே தெரிந்துபோனது. யு-156 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி, அருபாவின் சான் நிக்கோலாஸ் துறைமுகத்தில் நின்ற எண்ணெய்க் கப்பல்களை டார்பிடோவால் தாக்கியது. பிறகு மேலே வந்து ஆலையையே சுடப் பார்த்தது. தண்ணீர் புகாமலிருக்கப் பீரங்கி வாயில் செருகியிருந்த அடைப்பைக் கழற்ற மறந்துவிட்டார்கள். முதல் குண்டு குழாய்க்குள்ளேயே வெடித்துச் சுட்டவர்களையே பதம்பார்த்தது, ஆலை தப்பியது. பின்னர் சிதைந்த குழாயின் முனையை அறுத்து எடுத்துவிட்டு அதே பீரங்கியைப் பயன்படுத்தினார்களாம்.

இதற்கு எதிர்வினையாக நடந்ததைச் சொல்லும்போது இன்னொரு தவறு நேர்கிறது. எண்ணெய்க் கப்பல்களில் வேலை செய்த சீன மாலுமிகள், பாதுகாப்பில்லாமல் கடலுக்குப் போக மாட்டோம் என்று மறுத்தார்கள். அவர்களைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். ஏப்ரல் 20 அன்று போலீஸ் சுட்டதில் 15 பேர் இறந்தார்கள். போர்க்கால குராசோவைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. ஆனால் இதைக் கஸ்டேலின் கணக்கில் எழுதுவது பிழை. அப்போது கவர்னர் அவருக்கு முன்னிருந்த வௌட்டர்ஸ். கஸ்டேல் பொறுப்பேற்றது அந்த ஜூலையில்தான். ‘1942-இல் கவர்னரானார்’ என்று வெறும் ஆண்டை மட்டும் வைத்து எழுதினால் அந்த ஆண்டின் எல்லாமே அவர் தலையில் விழும். மாதத்தைப் பாருங்கள்.

அதற்காக அவரை ஜனநாயகத்தின் தந்தையாக்கிவிடவும் வேண்டாம். 1936 அரசியல் சட்டப்படி ஆட்சிப்பகுதியின் மன்றத்தில் 15 பேர். அதில் 10 பேரைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், அதுவும் மிகச் சிலருக்கே வாக்கு. மீதி 5 பேரை நியமித்தவர் கவர்னர். 1942 டிசம்பரில் அரசி வானொலியில் போருக்குப் பிந்தைய புதிய ஆட்சி அமைப்பை வாக்களித்தார். 1946-இல் குராசோ அரசியல்வாதி ட கோஸ்டா கோமெஸ் தன்னாட்சி மனுவோடு நெதர்லாந்துக்குப் போனார். எல்லோருக்கும் வாக்குரிமை 1948-இல் வந்தது, முதல் தேர்தல் 1949-இல், கஸ்டேல் போன பிறகு. அந்த வாக்குரிமை உள்ளூர்க்காரர்கள் கேட்டுப் பெற்றது. கவர்னரின் பதவிக்காலத்துக்குள் வருகிறது என்பதற்காக அவருக்கு மாலை போட முடியாது. 1948-ஐ ‘விடுதலை ஆண்டு’ என்று எழுதுவதும் தவறுதான். குராசோ இன்றும் நெதர்லாந்து முடியரசுக்குள்தான் இருக்கிறது.

மூலங்களைப் பற்றி ஒன்று. குராசோவின் பழைய நாளிதழான அமிகூவில் அக்காலச் செய்திகள் நிறையக் கிடைக்கும். அதுவும் கத்தோலிக்கப் பத்திரிகையாகத் தொடங்கியதே. கத்தோலிக்க கவர்னரைப் பற்றி அதில் வந்ததை அப்படியே தூக்கி வைக்காமல், அதோடு மோதிய தரப்பு என்ன சொன்னது என்றும் தேட வேண்டும். தேடும்போது ‘பீட்’ என்ற பெயரோடு, ‘பெட்ரஸ் ஆல்பர்டஸ்’ என்ற முழுப்பெயரையும் போட்டுப் பாருங்கள். அரசு ஆவணங்களில் அப்படித்தான் இருக்கும்.

கடைசியாகத் தூதர் பகுதி. சிலி, அயர்லாந்து, இஸ்ரேல் என்று பணியாற்றியவர். அக்காலத்தில் எல்லா நாட்டிலும் முழுத் தகுதியுள்ள தூதரகம் இருக்காது. பல இடங்களில் அதற்கு ஒரு படி கீழான பணியகம், அதன் தலைவருக்குத் தூதர் பட்டமும் கிடையாது. எனவே எல்லா ஊருக்கும் ‘தூதர்’ என்று ஒரே முத்திரை குத்தாமல், எந்த ஆண்டு என்ன பட்டம் என்று சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். இஸ்ரேல் என்றதும் டெல் அவிவ் என்று கை தானாக எழுதும். நெதர்லாந்தின் தூதரகம் 1980 வரை ஜெருசலேமில் இருந்தது.