ஒரே ரயில், மூன்று விலை: குறைந்த கட்டண டிக்கெட் எடுப்பது எப்படி?

போன மாதம் அம்மாவைச் சென்னையிலிருந்து மதுரைக்கு அனுப்ப டிக்கெட் பார்த்தேன். அதே பாண்டியன் எக்ஸ்பிரஸ், அதே ஸ்லீப்பர், ஆனால் இரண்டு செயலிகளிலும் ஐஆர்சிடிசியிலும் மூன்று வெவ்வேறு தொகை. எது சரி என்று புரியவே அரை மணி நேரம் ஆனது. ரயில்வேயின் கட்டணம் எங்கே பார்த்தாலும் ஒன்றுதான். அதன் மேல் ஏறுகிற தொகைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

1. ரயில் எண்ணைப் பாருங்கள்

12, 20, 22 என்று தொடங்கினால் பெரும்பாலும் சூப்பர்ஃபாஸ்ட். ஸ்லீப்பருக்கு 30 ரூபாய், மூன்றாம் ஏசிக்கு 45 ரூபாய் கூடுதல். 16 என்று தொடங்கும் ரயிலில் இது கிடையாது. நேரம் இருந்தால் அதில் போகலாம்.

2. வகுப்பு

பகல் பயணம் என்றால் முதலில் செகண்ட் சிட்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள். வைகையில் உண்டு. முன்பதிவு செய்த இருக்கை, ஸ்லீப்பரைவிட மலிவு. ஏசியேதான் வேண்டுமென்றால் மூன்றாம் ஏசி எகானமி கொஞ்சம் குறைவு. பெட்டியில் படுக்கைகள் அதிகம், அவ்வளவுதான்.

3. பணம் கட்டும் முன் நிறுத்துங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஒரு செயலியில் பயணி பெயருக்குக் கீழே 'இலவச ரத்து' என்று ஒரு கட்டம், ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்தது. பெயரில்தான் இலவசம், அதற்கென்று தனித் தொகை மொத்தத்தில் சேர்ந்திருந்தது. டிக்கை எடுத்தேன். அடுத்த திரையில் 'நிச்சயமாக வேண்டாமா?' என்று மறுபடி கேட்டது. அவசரத்தில் பெரிய பொத்தானை அழுத்தினால் அது திரும்பவும் சேர்ந்துவிடும். அதனால் 'கட்டண விவரம்' என்ற இடத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அடிப்படைக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம் (ஸ்லீப்பருக்கு 20), சூப்பர்ஃபாஸ்ட், ஏசி என்றால் ஜிஎஸ்டி. இவற்றைத் தாண்டி ஏதாவது இருந்தால், அது எதற்கு என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

என் தேர்வு ஐஆர்சிடிசிதான். அதிலும் யுபிஐ. ஏசி அல்லாத டிக்கெட்டுக்கு வசதிக் கட்டணம் 10 ரூபாய், ஏசிக்கு 20, ஜிஎஸ்டி தனி. கார்டு, நெட் பேங்கிங் என்றால் 15, 30. இது ஆளுக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. நான்கு பேர் என்றால் ஒரே பிஎன்ஆரில் எடுங்கள்.

வந்தே பாரத், சதாப்தி மாதிரி ரயில்களில் சாப்பாட்டுக் காசும் கட்டணத்தோடு வரும். பயணி விவரம் நிரப்பும்போது 'உணவு வேண்டாம்' என்று தேர்ந்தெடுத்தால் குறையும். அப்புறம், தட்கலை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஸ்லீப்பருக்கே 100 முதல் 200 ரூபாய் வரை கூடும். 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கிறது. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பின்சேர்க்கை: சென்னை - நாகர்கோவில் டிக்கெட்டை மதுரையில் உடைத்து இரண்டாக எடுத்தால் குறையுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். குறையாது, கூடும். நம் ரயில்வேயில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் இறங்கும். உடைத்தால் அந்தச் சலுகை போய்விடும். முன்பதிவுக் கட்டணமும் வசதிக் கட்டணமும் இரண்டு முறை விழும். ஒரே ரயிலில் நேரடி இடம் இல்லாதபோது மட்டும் உடைத்து எடுங்கள்.